ஸ்வீடிஷ் தொடர்கள்: எதில் தொடங்குவது?

ஸ்வீடன் நாட்டுத் தொடர் ஏதாவது பார்க்க வேண்டும், எதில் தொடங்கலாம் என்று வாசகர்கள் கேட்டுக்கொண்டே இருக்கிறார்கள். கேட்பவர்களில் பலர் ஏற்கெனவே ஒரு முறை முயன்றவர்கள். 'தி பிரிட்ஜ்' இரண்டு எபிசோட் பார்த்திருப்பார்கள். பிணம், மழை, சாம்பல் நிற வானம், சிரிக்காத போலீஸ்காரி என்று போனதும் "ஸ்வீடன்னாலே இப்படித்தானா?" என்று நிறுத்தியிருப்பார்கள்.

என் பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பிணத்தில் தொடங்காதீர்கள், வீட்டில் தொடங்குங்கள். முதலில் 'போனஸ் ஃபேமிலி', அப்புறம் 'தி பிரிட்ஜ்'. ஆனால் எல்லாருக்கும் இதே வரிசை பொருந்தாது. உங்களிடம் எவ்வளவு நேரம் இருக்கிறது, பக்கத்தில் உட்கார்ந்து பார்ப்பது யார் என்பதைப் பொறுத்து விடை மாறும்.

எதை வைத்து அளப்பது?

ஐந்து விஷயங்களைப் பார்க்கிறேன்.

முதலாவது நேரம். ஒரு தொடர் ஐந்து மணி நேரத்தில் முடிகிறது, இன்னொன்று நாற்பது மணி நேரத்தை எடுத்துக்கொள்கிறது.

இரண்டாவது, யாரோடு பார்க்கிறீர்கள். ஸ்வீடிஷ் தொலைக்காட்சி உடலைப் பற்றியும் உறவைப் பற்றியும் கூச்சமில்லாமல் பேசும், காட்டும். ஹாலில் அப்பா அம்மாவோடு உட்கார்ந்து ரிமோட்டைத் தேடும் நிலை வரக்கூடாது அல்லவா?

மூன்றாவது, சப்டைட்டிலில் எவ்வளவு தொலைகிறது. கொலைக்கு சப்டைட்டில் போதும், ஜோக்குக்குப் போதாது.

நான்காவது, அந்த நாட்டை எவ்வளவு காட்டுகிறது. கதையை எடுத்து வேறு ஊரில் வைத்தாலும் அப்படியே ஓடும் என்றால், அதற்காக ஸ்வீடிஷ் சப்டைட்டிலோடு மல்லுக்கட்ட வேண்டியதில்லை.

ஐந்தாவது, கதை முடிகிறதா, பாதியில் தொங்குகிறதா.

யார் எடுத்தது என்பதையும் பாருங்கள்

இது சிறிய விஷயம்போலத் தோன்றும். ஆனால் ஒரு தொடரின் குணத்தைப் பாதி இதுவே தீர்மானிக்கிறது. எஸ்விடி என்பது பொது ஒளிபரப்பு நிறுவனம். விளம்பரம் கிடையாது. முன்பு தொலைக்காட்சிப் பெட்டி வைத்திருப்பவர்கள் உரிமக் கட்டணம் கட்டினார்கள். 2019 முதல் அது வருமானத்தை வைத்துக் கணக்கிடும் தனிநபர் கட்டணமாகி, வரியோடு சேர்ந்து போகிறது. எல்லாரிடமும் பணம் வாங்குவதால் எல்லாருக்கும் ஏதாவது கொடுத்தாக வேண்டும். டிசம்பர் 1 முதல் கிறிஸ்துமஸ் முந்தைய நாள் வரை தினம் ஒன்றாக 24 எபிசோட் கொண்ட சிறுவர் தொடரை ஆண்டுதோறும் ஒளிபரப்பும், 1960இல் தொடங்கிய வழக்கம் அப்படிப்பட்ட ஒன்று.

டிவி4 விளம்பரத்தில் ஓடும் தனியார் சேனல். அதன் பெரிய வெற்றி 'ஸூல்ஸீடன்' என்ற குட்டி சிட்காம் என்பதில் வியப்பில்லை. நெட்ஃபிளிக்ஸ் 2019இல்தான் தன் முதல் ஸ்வீடிஷ் தொடரை வெளியிட்டது. பள்ளித் துப்பாக்கிச் சூட்டையும் அதற்குப் பிந்தைய வழக்கையும் பற்றிய ஆறு எபிசோட் 'குயிக்சாண்ட்' அது.

குற்றக் கதைகளே நமக்கு அதிகம் வந்து சேர்வதற்கும் காரணம் பணம்தான். 'தி பிரிட்ஜ்' எடுக்க எஸ்விடியோடு டென்மார்க்கின் டிஆர், ஜெர்மனியின் இசட்டிஎஃப் போன்ற நிறுவனங்கள் கைகோத்தன. கொலை விசாரணையை எந்த நாட்டுக்கும் விற்கலாம். ஸ்வீடிஷ் நகைச்சுவையை அப்படி விற்க முடியாது. வாங்குகிறவர்கள் கதையை மட்டும் வாங்கிக்கொண்டு தங்கள் நடிகர்களை வைத்து மறுபடி எடுப்பார்கள். ஆகவே வெளியிலிருந்து பார்க்கிற நமக்கு ஸ்வீடன் இருக்கிறதைவிட இருட்டாகத் தெரிகிறது.

ஒரே பார்வையில்

| தொடர் | காலம் | அளவு | வீட்டாரோடு | சப்டைட்டில் இழப்பு |
|---|---|---|---|---|
| தி பிரிட்ஜ் | 2011–2018 | 4 சீசன், 38 எபிசோட், தலா ஏறத்தாழ ஒரு மணி | வேண்டாம் | நடுத்தரம் |
| போனஸ் ஃபேமிலி | 2017–2021 | 4 சீசன், தலா முக்கால் மணி | பதின்வயதினர் வரை பெரும்பாலும் சரி | குறைவு |
| தி ரெஸ்டாரன்ட் | 2017 முதல் | பல சீசன், தலா ஏறத்தாழ ஒரு மணி | பெரியவர்களோடு சரி | குறைவு |
| லவ் அண்ட் அனார்க்கி | 2020, 2022 | 2 சீசன், 16 எபிசோட், தலா அரை மணி | கண்டிப்பாக வேண்டாம் | நடுத்தரம் |
| ஸூல்ஸீடன் | 2010 முதல் | பல சீசன், தலா அரை மணிக்கும் குறைவு | சரி | மிக அதிகம் |
| சீன்ஸ் ஃபிரம் எ மேரேஜ் | 1973 | 6 எபிசோட், மொத்தம் ஐந்து மணிக்குள் | தனியாக | குறைவு |

தி பிரிட்ஜ்: பெயர் வாங்கியது சும்மா இல்லை

ஸ்வீடனின் மால்மோவையும் டென்மார்க்கின் கோபன்ஹேகனையும் இணைக்கும் ஓரெசுண்ட் பாலம் 2000 ஜூலையில் திறக்கப்பட்டது. தொடர் தொடங்கும்போது அந்தப் பாலத்தில் சிறிது நேரம் விளக்கு அணைகிறது. மறுபடி எரியும்போது, சரியாக இரு நாட்டு எல்லைக் கோட்டின் மேல் ஒரு பெண்ணின் உடல் கிடக்கிறது. தூக்கப் போனால் அது இரண்டாகப் பிரிகிறது. மேல்பாதி ஸ்வீடிஷ் அரசியல்வாதி. கீழ்ப்பாதி வேறொரு பெண், கோபன்ஹேகனில் பாலியல் தொழில் செய்தவர். அவர் இறந்து ஒரு வருடத்துக்கு மேல் ஆகிவிட்டது. ஒருத்தியின் சாவுக்கு இரண்டு நாட்டு போலீசும் ஓடி வருகிறது. இன்னொருத்தி காணாமல் போனதை யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவே இல்லை. கொலைகாரன் சொல்ல வந்த முதல் புகாரே இதுதான். துப்பறியும் கதைக்குள் சமூகத்தின் மேல் ஒரு குற்றப்பத்திரிகையை வைப்பது ஸ்வீடிஷ் குற்றக் கதைகளின் பழைய வழக்கம். இங்கே அது முதல் காட்சியிலேயே வந்துவிடுகிறது.

மால்மோ காவல்துறையின் சாகா நோரேனாக சோஃபியா ஹெலின், கோபன்ஹேகனின் மார்ட்டின் ரோடேயாக கிம் போட்னியா. இதய நோயாளியோடு வரும் ஆம்புலன்ஸைப் பாலத்தில் விட சாகா மறுக்கிறாள், மார்ட்டின் விட்டுவிடுகிறான். அவன்மேல் புகார் எழுதப் போவதாக அவன் முகத்துக்கு நேராகவே சொல்கிறாள். கோபம் இல்லை, வஞ்சம் இல்லை, விதி அப்படி இருக்கிறது, அவ்வளவுதான். சாகாவுக்கு ஆட்டிசம் இருக்கலாம் என்று பார்ப்பவர்கள் பேசிக்கொள்வார்கள். தொடர் எந்தப் பெயரும் சூட்டுவதில்லை. அது நல்ல முடிவு என்பேன். பெயர் வைத்திருந்தால் அவளை ஒரு நோய்க்குறிப்பாகப் படித்துவிட்டு நகர்ந்திருப்போம். இப்போது அவளை ஒரு ஆளாகப் பழக வேண்டியிருக்கிறது.

கதாசிரியர் ஹான்ஸ் ரோசன்ஃபெல்ட் இதை எல்லையைச் சுற்றிக் கட்டியதால் கதையை எந்த எல்லைக்கும் நகர்த்த முடிந்தது. அமெரிக்கா–மெக்சிகோ, பிரிட்டன்–பிரான்ஸ், சிங்கப்பூர்–மலேசியா என்று மறு ஆக்கங்கள் வந்தன. நான்காவது அளவுகோலில் இதற்கு மதிப்பெண் குறைவதும் இதனால்தான். நகர்த்த முடிந்த கதை அது.

மறைமுகச் செலவுகள் சில. முழுவதும் பார்க்க முப்பத்தைந்து மணி நேரத்துக்குக் குறையாது. வன்முறை அளவாக இல்லை. குழந்தைகளுக்கு நடப்பவை சிலருக்குத் தாங்காது. மார்ட்டின்மேல் பிரியம் வந்துவிட்டால், இரண்டாம் சீசனுக்குப் பிறகு அவர் இல்லை. அப்புறம், தொடரில் ஸ்வீடர்கள் ஸ்வீடிஷிலும் டேனிஷ்காரர்கள் டேனிஷிலும் பேசுகிறார்கள், ஓரளவு புரிந்தும் புரியாமலும். அந்த உரசலில் இருக்கும் வேடிக்கையை ஆங்கில சப்டைட்டில் தட்டையாக்கிவிடும். டப்பிங்கில் பார்த்தால் மொத்தமாகப் போய்விடும்.

குற்றத் தொடர்கள் உங்களுக்குப் பழக்கமென்றால், தனியாக இரவில் பார்ப்பவர் என்றால், தாராளமாக இதிலேயே தொடங்கலாம். முதல் இரண்டு சீசன்களை, அதாவது 20 எபிசோடை, ஒரே கதையாக எடுத்துக்கொள்ளுங்கள். முதலாவதில் விழுந்த அடியின் வலி இரண்டாவதில்தான் தெரிகிறது. அங்கேயே நிறுத்தினாலும் குறை இல்லை.

போனஸ் ஃபேமிலி: என் முதல் தேர்வு

லீஸாவும் பாட்ரிக்கும் சேர்ந்து வாழத் தொடங்குகிறார்கள். லீஸாவுக்கு முன்னாள் கணவன் மார்ட்டின் மூலம் இரண்டு பிள்ளைகள், பியாங்காவும் எட்டியும். பாட்ரிக்குக்கு முன்னாள் துணை காட்யா மூலம் மகன் வில்லியம். எட்டியும் வில்லியமும் ஒரே வகுப்பு, இரண்டு பேருக்கும் ஆகாது. இப்போது அவர்கள் ஒரே வீட்டில் வாழ வேண்டும். அதுவும் எல்லா நாளும் இல்லை. பிரிந்த பெற்றோரின் பிள்ளைகள் ஒரு வாரம் அம்மா வீடு, ஒரு வாரம் அப்பா வீடு என்று மாறி மாறி இருப்பது ஸ்வீடனில் சாதாரணமாகக் காணும் ஏற்பாடு. ஆகவே இந்த வீட்டில் வாரத்துக்கு வாரம் ஆள் எண்ணிக்கை மாறிக்கொண்டே இருக்கும்.

இங்கே வில்லன் யாரும் கிடையாது. பிரிந்தவர்கள் ஒருவரை ஒருவர் அழிக்கப் பார்ப்பதும் இல்லை. நான்கு பெரியவர்களும் நாகரிகமாக நடந்துகொள்ளத்தான் முயல்கிறார்கள். அந்த முயற்சியே அவர்களைப் பிழிகிறது. விவாகரத்துக்குப் பிறகு அம்மா வீட்டில் போய் ஒண்டிக்கொள்ளும் மார்ட்டினைப் பார்த்துச் சிரிப்பீர்கள். அடுத்த நிமிடம், தன் பிள்ளைகள் இன்னொருவன் வீட்டில் சிரிப்பதை அவன் பார்க்கும்போது சிரிப்பு நின்றுவிடும். காட்யாவாக வரும் பெட்ரா மேடே ஸ்வீடனில் மேடை நகைச்சுவையால் பெயர் பெற்றவர். யூரோவிஷன் பாட்டுப் போட்டியைத் தொகுத்து வழங்கியவரும்கூட. இங்கே அவர் ஜோக் எதையும் தேடிப் போவதில்லை. கட்டுப்பாட்டை இழந்துவிடக் கூடாது என்று இறுகிப்போன ஒரு பெண்ணாக வருகிறார். அவர் வரும் காட்சிகளில் வேறு யார்மேலும் கண் போகாது.

லீஸாவும் பாட்ரிக்கும் தம்பதி ஆலோசகர்கள் முன் உட்கார்ந்து பேசும் காட்சிகள் தொடர் முழுக்க வருகின்றன. வீட்டில் நடந்தது ஒன்று, அங்கே சொல்லப்படுவது ஒன்று. இடையில் இருக்கும் தூரத்தில்தான் நகைச்சுவை. இந்த வகைச் சிரிப்பு சொல்லாடலை நம்பி இல்லாததால் சப்டைட்டிலில் பெரிதாகக் கெடுவதில்லை.

எஸ்விடிக்காக இதை உருவாக்கியவர்கள் மோவா, கிளாரா, ஃபெலிக்ஸ் ஹெர்ன்கிரேன். மூவரும் ஒரே குடும்பப் பெயர்க்காரர்கள். ஃபெலிக்ஸின் பெயர் கீழே இன்னொரு தொடரிலும் வரும்.

செலவுகள்? கதை மெதுவாகத்தான் நகரும். எபிசோட் முடிவில் திடுக்கிடும் திருப்பம் எதிர்பார்த்தால் ஏமாறுவீர்கள். பியாங்காவும் எட்டியும் போன்ற பிள்ளைகளைப் பார்த்து "ரெண்டு வைக்கணும்" என்று முணுமுணுக்கும் பெரியவர்கள் பக்கத்தில் இருந்தால் கொஞ்சம் எரிச்சல்படுவார்கள். ஸ்வீடன் 1979இலேயே பிள்ளைகளை அடிப்பதைச் சட்டப்படி தடை செய்த நாடு, உலகில் முதலாவது. அந்தப் பின்னணி தெரிந்தால் அங்கே பெற்றோர் ஏன் இவ்வளவு பேசுகிறார்கள் என்பது புரியும். படுக்கையறைப் பேச்சுகளும் உண்டு, மிதமாக. விவாகரத்து இன்னும் ஆறாத புண்ணாக இருப்பவர்கள் இதைக் கொஞ்ச நாள் தள்ளிப்போடலாம். பொய் சொல்லவில்லை, சில எபிசோடுகள் குத்தும்.

துணையோடு பார்க்க, பதின்வயதுப் பிள்ளையோடு பேச்சைத் தொடங்க, ஒரு நாட்டின் சமையலறை மேசையில் என்ன நடக்கிறது என்று தெரிந்துகொள்ள இதைவிட நல்ல வாசல் எனக்குத் தெரியவில்லை.

தி ரெஸ்டாரன்ட்: பெரிய குடும்பக் கதைப் பிரியர்களுக்கு

1945 மே மாதம், ஐரோப்பாவில் போர் முடிந்த நாள். ஸ்டாக்ஹோம் தெருவில் கொண்டாட்டம். பணக்கார லோவாண்டர் குடும்பத்தின் மகள் நீனா கூட்டத்தில் ஓர் இளைஞனை முத்தமிடுகிறாள். அவன் கால்லே, அவள் குடும்பத்து உணவகத்தின் சமையலறையில் வேலைக்குச் சேரப் போகிறவன் என்பது பிறகுதான் தெரிகிறது. மீதி உங்களுக்கே தெரியும்: கண்டிப்பான அம்மா, சொத்துக்கு அடித்துக்கொள்ளும் அண்ணன் தம்பி, முதலாளி வீட்டுப் பெண்ணும் வேலைக்காரப் பையனும். பழைய குடும்பப் படங்களில் வளர்ந்தவர்களுக்குச் சொல்லிக்கொடுக்கவே வேண்டாம்.

இதன் மதிப்பு பின்னணியில் இருக்கிறது. போரில் நடுநிலை வகித்து, குண்டு விழாமல் தப்பிய நாடு எப்படி நலவாழ்வு அரசாக மாறியது என்பதை ஒரு சாப்பாட்டுக் கடைக்குள்ளிருந்து பார்க்கலாம். மது வாங்க ரேஷன் புத்தகம் வேண்டியிருந்த காலம் அது, 1955இல்தான் அந்த முறை ஒழிந்தது. ஓரினச் சேர்க்கை சட்டப்படி குற்றமில்லை என்றாகி ஓராண்டுதான் ஆகியிருந்தது. மூத்த மகன் குஸ்தாஃபின் கதையைப் பார்க்கும்போது அதை நினைவில் வையுங்கள். சட்டம் மாறிவிட்டது, வீடு மாறவில்லை.

குறை என்று பார்த்தால், சில இடங்களில் மெலோடிராமா தூக்கலாகவே இருக்கும். அம்மாவோடு சேர்ந்து பார்க்க ஒன்று வேண்டும் என்றால் இதுதான். ஓரிரு காட்சிகளை ஓட்டிவிட வேண்டி வரும்.

லவ் அண்ட் அனார்க்கி: ஒரு வார இறுதிக்கு

பழைய பதிப்பகம் ஒன்றை நவீனமாக்க வந்த ஆலோசகர் சோஃபி, திருமணமானவள், இரண்டு பிள்ளைகள். அங்கே தற்காலிகமாகக் கணினி வேலை பார்க்கும் இளைஞன் மாக்ஸ். ஒரு சங்கடமான சம்பவத்தில் தொடங்கி, அலுவலகத்தில் ஒருவருக்கொருவர் கிறுக்குத்தனமான சவால்கள் விடும் விளையாட்டு நடக்கிறது. லீஸா லாங்செத் உருவாக்கியது. ஈடா எங்வால் சோஃபியாக அசத்துகிறார். வேகமானது, எட்டு மணி நேரத்தில் இரண்டு சீசனும் முடிந்துவிடும். பதிப்புலகத்தின் பாசாங்குகளைக் குத்துவதில் கில்லாடி. அந்த சங்கடமான சம்பவம் முதல் எபிசோடிலேயே வருகிறது, ஆகவே ஹெட்போன், மூடிய கதவு.

ஸூல்ஸீடன்: நல்லது, ஆனால் பிறகு

ஸ்வீடனிலேயே இருந்துகொண்டு மொழி கற்பவர்கள் இந்த வரிசையை மாற்றி இதை முதலில் எடுக்கலாம். எபிசோட் சின்னது, பேச்சு அன்றாடப் பேச்சு, மறுநாள் அலுவலகத்தில் இதைப் பற்றிப் பேசினால் எல்லாருக்கும் தெரிந்திருக்கும். மற்றவர்கள் பொறுங்கள்.

பல் மருத்துவர் அலெக்ஸும் கர்ப்பிணியான அன்னாவும் ஸ்டாக்ஹோமுக்குக் கிழக்கே உள்ள சால்ட்சோபாடன் என்ற வசதியான கடற்கரைப் புறநகருக்குக் குடிவருகிறார்கள். அலெக்ஸாக நடிப்பது அதே ஃபெலிக்ஸ் ஹெர்ன்கிரேன். நண்பன் ஃப்ரெட்டே ஆடம்பரப் பிரியன். அண்டை வீட்டு ஊவே சுண்ட்பெரி கஞ்சத்தனத்துக்கு நாடறிந்த பெயர். ஹென்ரிக் டோர்ஷினின் நடிப்பில் அவன் ஓர் ஐந்து குரோனரை மிச்சப்படுத்த நட்பையே அடகு வைப்பான்.

ஊரின் பெயரிலேயே ஒரு கிண்டல் ஒளிந்திருக்கிறது. முதலாளிகளும் தொழிற்சங்கங்களும் 1938இல் கைகுலுக்கிச் செய்துகொண்ட புகழ்பெற்ற ஒப்பந்தம் சால்ட்சோபாடனில்தான் கையெழுத்தானது. ஸ்வீடிஷ் சமத்துவத்தின் அடிக்கல்களில் ஒன்று என்று அதைச் சொல்வார்கள். அதே ஊரில், எழுபது ஆண்டுகள் கழித்து, யார் வீட்டு பார்பிக்யூ பெரியது என்று அடித்துக்கொள்கிறார்கள். இந்தக் குத்தல் ஸ்வீடருக்குச் சொல்லாமலே கேட்கும். நமக்குக் கேட்காது. சிரிக்க வேண்டியது பெரும்பாலும் ஒரு தயக்கத்தில், ஒரு தொனியில், ஒரு இழுவையில் இருக்கும். நார்வேயும் பின்லாந்தும் இதை அப்படியே ஒளிபரப்பித் திருப்தியடையாமல் தங்கள் ஆட்களை வைத்து எடுத்தன. பக்கத்து நாட்டுக்கே அப்படி என்றால் நம் நிலைமையைச் சொல்ல வேண்டாம்.

சீன்ஸ் ஃபிரம் எ மேரேஜ்: ஐந்து மணி நேரம், இரண்டு பேர்

இங்மார் பெரிமன் 1973இல் தொலைக்காட்சிக்காகவே எழுதி இயக்கியது. நடித்தவர்கள் லிவ் உல்மன், எர்லண்ட் யோசெஃப்சன். மரியான், யோஹான் என்ற தம்பதி பேசுகிறார்கள், பொய் சொல்கிறார்கள், பிரிகிறார்கள், மறுபடி பேசுகிறார்கள். வேறு ஒன்றும் கிடையாது, வேறு ஒன்றும் தேவையும் இல்லை.

இந்தத் தொடரால் ஸ்வீடனில் விவாகரத்து கூடிவிட்டது என்று ஒரு கதை உலவுகிறது. நம்பிவிடாதீர்கள். 1974 தொடக்கத்தில் விவாகரத்தை எளிதாக்கும் புதிய சட்டம் அங்கே நடைமுறைக்கு வந்தது. எண்ணிக்கை கூடியதற்கு அதுவே போதுமான காரணம். தொடர் ஒருவேளை பேசக் கற்றுக்கொடுத்திருக்கலாம். 'போனஸ் ஃபேமிலி'யின் ஆலோசகர் அறைக்கு இங்கிருந்து ஒரு நேர்கோடு போகிறது. நாற்பத்து நான்கு ஆண்டுகளுக்குப் பிறகு அதே ஆட்கள் கொஞ்சம் சிரிக்கவும் கற்றுக்கொண்டு வந்ததுபோல இருக்கும்.

திரையரங்குக்காக வெட்டிச் சுருக்கிய மூன்று மணிக்கும் குறைவான வடிவம் ஒன்றும் இருக்கிறது. ஆறு எபிசோட் வடிவத்தைத் தேடிப் பிடியுங்கள். 2021 அமெரிக்க மறு ஆக்கமும் இதே பெயரில் கிடைக்கும், தேடும்போது அதில் மாட்டிக்கொள்ள வேண்டாம்.

இவை பிடித்தபின்

'தி பிரிட்ஜ்' பார்த்து முடித்தவர்களுக்கு 'ஃபாலட்' ஒரு பரிசு. சோம்பலும் சோகமுமான வடதேசத் துப்பறியும் தொடர்களை எட்டு எபிசோடில் கிண்டலடிக்கும். ஆனால் கிண்டல் செய்யப்படுவதைப் பார்த்திருந்தால்தான் சிரிப்பு வரும். மூச்சு முட்டும் விறுவிறுப்பு வேண்டுமானால் 'கலிஃபேட்' இருக்கிறது. சிரியாவில் ஐஎஸ் இயக்கத்தின் பிடியில் இருந்த ரக்கா நகரில் சிக்கிய ஒரு பெண்ணும் ஸ்வீடிஷ் உளவுத்துறையின் ஓர் அதிகாரியும், எட்டே எபிசோட். இந்தக் கட்டுரையில் வரும் எல்லாவற்றிலும் கைவிட முடியாதபடி இழுப்பது அதுதான், ஆனால் மனம் லேசாக இருக்கிற நாளில் பாருங்கள். வீட்டு வேலைக்கு மனித உருவ ரோபோக்கள் வந்துவிட்ட உலகைக் காட்டும் 'ரியல் ஹியூமன்ஸ்' 2012இல் வந்தது. செயற்கை நுண்ணறிவைப் பற்றி எல்லாரும் பேசும் இந்த நாளில் அது பழையதாகத் தெரியவில்லை.

சந்தா கட்டும் முன்

எஸ்விடி ப்ளே தளத்தில் பெரும்பாலான தொடர்கள் ஸ்வீடனுக்கு வெளியே திறக்காது. டிவி4இன் தளமும் அப்படியே. நெட்ஃபிளிக்ஸ் சொந்தமாகத் தயாரித்தவை மட்டுமே அங்கே நிலையாக இருக்கும். எஸ்விடியிடம் உரிமம் வாங்கிப் போட்டவை நாட்டுக்கு நாடு மாறும், திடீரென்று காணாமலும் போகும். ஆகவே ஒரு தொடருக்காக மட்டும் வருடச் சந்தா கட்ட வேண்டாம். தேடும்போது ஆங்கிலப் பெயர், ஸ்வீடிஷ் பெயர் இரண்டையும் போட்டுப் பாருங்கள். 'தி பிரிட்ஜ்' என்று தேடினால் அமெரிக்கத் தொடர் முதலில் வரலாம், அங்கே ஸ்வீடிஷ் பெயர் 'ப்ரூன்' கைகொடுக்கும். 'போனஸ் ஃபேமிலி'க்கு 'போனுஸ்ஃபமில்யென்'. கிடைத்ததும் ஆங்கில டப்பிங் தானாக ஓடத் தொடங்கினால் ஒலியை ஸ்வீடிஷுக்கு மாற்றிவிட்டு முதல் எபிசோடைப் போடுங்கள்.